வோல்பேப்பர் கழற்றுவதும் சுவர் திருத்துவதும்: வன்னி வீடுகளுக்கு அடிக்கடி வரும் கேள்விகள்

நான் பார்த்தவரை வன்னியில் வோல்பேப்பர் எதையாவது மறைக்கத்தான் ஒட்டப்படுகிறது. சாமத்திய வீடு வருகிறது, ஹோல் சுவரில் உப்புப் பூத்திருக்கிறது, பெயின்ற் அடிக்க நேரமில்லை. ரவுனுக்குப் போய் நாலு ரோல் வாங்கிவந்து ஒரே இரவில் ஒட்டிவிடுகிறார்கள். இரண்டு மாரி கழிந்ததும் ஓரம் எழும்பி, பின்பக்கம் கறுத்து, தொட்டால் பூச்சு கொட்டுகிறது. அப்போதுதான் "இதை எப்படிக் கழற்றுவது?" என்று கேட்கிறார்கள். கழற்றுவது பெரிய வேலையில்லை. சுவருக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதனால் கீழே உள்ள பதில்களில் தாளைவிடச் சுவரைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

எங்கள் வீட்டில் ஒட்டியிருப்பது என்ன வகை என்றே தெரியாது. எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு மூலையை நகத்தால் கிளப்பிப் பாருங்கள். பிளாஸ்ரிக் மாதிரி இழுபட்டு, பின்பக்கம் கையில் பிசுபிசுத்தால் அது ஸ்ரிக்கர். செங்கல் அடுக்கின மாதிரிப் புடைத்து, விரலால் அமத்தினால் உள்வாங்குவது நுரை ஷீட். அதுவும் ஸ்ரிக்கர் குடும்பம்தான், ஆனால் கழற்றும்போது தரும் தொல்லை வேறு. மேலே பிளாஸ்ரிக் படலம், அடியில் கடதாசி என்று இரண்டாகப் பிரிந்தால் பசை பூசி ஒட்டிய வோல்பேப்பர். பழைய மண்வீடுகளில் கோதுமை மாவில் கூழ் காய்ச்சி ஒட்டிய பத்திரிகைத் தாள்களும் கலண்டர்களும் இருக்கும். அவற்றைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

தைப்பொங்கலுக்கு முன் கழற்றிப் பெயின்ற் அடித்துவிடலாமா?

அடிக்கலாம், நிற்காது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரிதான் வன்னியின் வருட மழையில் பெரும்பங்கு. தை பிறக்கும்போது சுவர் நன்றாக ஊறிப்போய் இருக்கும். அந்த நேரம் சுவரை மட்டப்படுத்தப் பூசும் புட்டியும் அதன்மேல் பெயின்றும் உள்ளே இருக்கும் ஈரத்தை மூடிவிடும். சித்திரை வெயிலில் அந்த ஈரம் வெளியே வரப் பார்க்கும்போது பெயின்ற் கொப்பளிக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்தை விடச் சொல்லவில்லை. சுண்ணாம்பு அடித்தால் ஈரம் அதனூடாக வெளியேறிவிடும், சுவருக்கு ஒரு கெடுதலும் இல்லை.

என்னைக் கேட்டால், தையில் தாளை மட்டும் கழற்றுங்கள். மாசி முழுக்கச் சுவர் காற்று வாங்கட்டும். பூச்சு வேலையைப் பங்குனியில் செய்யலாம். பெயின்ற், வற்றாப்பளை அம்மன் பொங்கலை ஒட்டி வைகாசியில். மன்னார்ப் பக்கம் இருப்பவர்கள் ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு முன்பு முடித்தாலும் போதும். ஐப்பசிக்குள் கடைசிப் பூச்சு காய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்ரிக்கரைச் சுவர் கெடாமல் உரிப்பது எப்படி?

சூடும் பொறுமையும் வேண்டும். மேல் மூலையை ஹெயார் டிரையரால் சூடாக்கி, கிளம்பிய தாளைத் தன்மேலேயே மடித்து, சுவரோடு படிந்தபடி கீழ்நோக்கி மெதுவாக இழுங்கள். நம்மை நோக்கி நேராக இழுத்தால் பெயின்றும் சேர்ந்து வரும், சில இடங்களில் பூச்சும் வரும். டிரையர் இல்லாவிட்டால் வெயிலைப் பயன்படுத்தலாம். மேற்குப் பக்கச் சுவர் பின்னேரம் தானாகவே சூடாகியிருக்கும். அந்த நேரம் உரித்தால் பாதிப் பாடு மிச்சம்.

மிஞ்சும் பிசினை முதலில் சவர்க்காரம் கலந்த சுடுநீரால் தேய்த்துப் பாருங்கள். போகாத இடத்தில் மட்டும் ரேப்பன்ரைன் நனைத்த துணி. யன்னலைத் திறந்துவைத்து, குசினியில் அடுப்பு எரியாத நேரம் பார்த்துச் செய்யுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம். பிசினைக் கரைக்கும், ஆனால் சுவரில் எண்ணெய்ப்படலம் விட்டுப்போகும். அதன்மேல் பெயின்ற் பிடிக்காது.

நுரை ஷீட்டை இழுத்தால் பெயின்ற் முழுக்கத் தாளோடு வருகிறது. என்ன செய்வது?

வரத்தான் செய்யும். பெயின்ற் சுவரோடு பிடித்திருப்பதைவிட அந்தப் பசை பெயின்றோடு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது. அதுவும் பழைய சுண்ணாம்பின்மேல் நேரடியாகப் பெயின்ற் அடித்த சுவர் என்றால் தோல் உரிவது போல மொத்தமாக உரியும். அதைத் தடுக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். நுரையைக் கிழித்தெடுத்து, மிச்சத்தை அகலமான தகட்டுக் கரண்டியால் சுரண்டி, ஆடும் பெயின்றை எல்லாம் எடுத்துவிடுங்கள். பிறகு சுவர் முழுவதற்கும் அடிப்பூச்சாக ஒரு கை வோல் சீலர், அதன்பின் புட்டி.

பசை பூசி ஒட்டிய வோல்பேப்பர்?

மேல் பிளாஸ்ரிக் படலத்தைத் தண்ணீரே படாமல் முதலில் உரியுங்கள். அது தண்ணீரை உள்ளே விடாது. அது இருக்கும்வரை எவ்வளவு நனைத்தாலும் பயனில்லை. உரிய மறுத்தால் கத்தி நுனியால் மெல்லிய கீறல்கள் போடுங்கள், பூச்சில் படாமல். பிறகு சுடுநீரில் கொஞ்சம் சவர்க்காரமோ வினாகிரியோ கலந்து பஞ்சால் ஒற்றி, கால் மணிநேரம் விடுங்கள். கடதாசி ஊறி நிறம் மாறும். கரண்டியைச் சுவரோடு படுத்தினாற்போல் பிடித்துத் தள்ளினால் சுருண்டு வரும். காய்ந்தால் மறுபடி நனையுங்கள், பலம் காட்டாதீர்கள்.

தண்ணீர் விடும்போது கரண்ட் அடிக்காதா?

அடிக்கும். அந்த அறையின் பிரேக்கரையாவது, சந்தேகம் இருந்தால் மெயினையே நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள். வேலையைப் பகலில் வையுங்கள். சுவிச் பெட்டியைச் சுற்றி ஒரு அடி இடத்தை ஈரத்துணியால் மட்டும்.

கழற்றிய பின் பசை மிச்சம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

சுவரை நனைத்து விரலால் தடவுங்கள். வழுக்கினால் இருக்கிறது. மாக்கூழ், ஸ்ராச் வகைப் பசை என்றால் இன்னொரு சோதனையும் உண்டு: காயத்துக்குப் போடும் அயடினை நீர்த்து ஒரு சொட்டு வைத்தால் பசை உள்ள இடம் கருநீலமாக மாறும், இல்லாத இடம் மஞ்சள் பழுப்பாகவே இருக்கும். பசை மிச்சமிருக்கப் பெயின்ற் அடித்தால் காய்ந்த குளத்துத் தரைபோல வெடிக்கும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

தாளுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். பிள்ளைக்கு இழுப்பு வேறு.

பிள்ளையை அந்த அறையில் படுக்கவிடாதீர்கள். பூஞ்சணத்தை உலரத் தேய்த்தால் அதன் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். நனைத்துத்தான் துடைக்க வேண்டும். முகக்கவசமும் கையுறையும் போட்டு, துணி வெளுக்கும் பிளீச்சை நீர்த்துப் பூசி, சிறிது நேரம் விட்டு, கழுவுங்கள். முக்கியமான ஒன்று: வினாகிரி பாவித்த சுவரில் அது நன்றாகக் கழுவப்படாமல் பிளீச் போடக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

துடைத்ததோடு முடிந்தது என்று நினைக்கவும் வேண்டாம். ஈரம் நிற்காவிட்டால் அடுத்த கார்த்திகையில் திரும்ப வரும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று எப்படிப் பிடிப்பது?

குளிர்நாட்டுக்காரர் போடும் வீடியோக்களில் அறைக் காற்றின் நீராவி குளிர்ந்த சுவரில் படிவதைத்தான் முதல் குற்றவாளியாகச் சொல்வார்கள். நம்முடைய சுவர்கள் அப்படிக் குளிர்வதில்லை. சந்தேகமென்றால் ஒரு சதுர அடி பொலித்தீனை நாலு பக்கமும் ரேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் உட்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்துதான் வருகிறது.

அடுத்து, ஈரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தரையிலிருந்து முழங்கால், இடுப்பு உயரம் வரை அலையலையாக ஏறியிருந்தால் அது அத்திவாரத்திலிருந்து உறிஞ்சப்படும் ஈரம். அத்திவாரத்துக்கு மேல் தார் பூசி ஈரத்தடுப்பு வைக்காமல் கட்டிய வீடுகளிலும், பிறகு முற்றத்தில் மண் நிரப்பித் தடுப்பையே புதைத்துவிட்ட வீடுகளிலும் இது நடக்கும். இரண்டாவது வகைக்கு மருந்து ஒரு மண்வெட்டிதான்: சுவரோடு கிடக்கும் மண்ணை வெட்டி இழுத்து, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு வையுங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுந்து தெறிக்காமல் பீலி போடுங்கள். இதற்கே பாதி வீடுகள் காய்ந்துவிடும்.

யன்னலின் கீழ் மூலைகளில் ஈரம் என்றால் யன்னல் நிலையைச் சுற்றியுள்ள இடைவெளி. சுவரின் நடுவில் திட்டாக இருந்தால் மறுபக்கம் குளியலறைக் குழாய் ஓடுகிறதா என்று பாருங்கள்.

வீட்டுத்திட்ட வீடு. உள்ளே பூசினோம், வெளியே காசில்லாமல் விட்டுவிட்டோம். ஒரு பக்கச் சுவர் மட்டும் ஊறுகிறது.

அந்தப் பக்கம் வடக்கு அல்லது கிழக்காக இருக்கும். மாரி மழை வாடைக் காற்றோடு சேர்ந்து அந்தப் பக்கத்தில்தான் அறையும். சீமெந்துக் கல் தண்ணீரை உறிஞ்சும். சீமெந்து குறைத்து அரிந்த கல் என்றால் கேட்கவே வேண்டாம், கல்லுக்குக் கல் இடையிலுள்ள சாந்து வழியாகவும் வரும். இந்திய வீட்டுத்திட்டத்தில் புது வீட்டுக்குக் கிடைத்தது 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. பயனாளிகள் தாமே நின்று கட்டினார்கள். அந்தக் காசில் கூரையும் கதவும் முடிவதே பெரும்பாடு, வெளிப்பூச்சு கடைசிக்குத் தள்ளப்பட்டதில் ஆச்சரியமில்லை.

நாலு பக்கமும் பூச வசதியில்லாவிட்டால் வடக்கு, கிழக்குச் சுவர்களை மட்டும் முதலில் பூசுங்கள். உட்பக்கத்தில் எவ்வளவு விலையான ஈரத்தடுப்புப் பெயின்ற் அடித்தாலும் வெளியே திறந்து கிடக்கும் சுவருக்கு அது காசைக் கரியாக்குவதுதான்.

தாளைக் கழற்றினால் வெள்ளை வெள்ளையாகத் தூள். கழுவினாலும் திரும்ப வருகிறது.

அது உப்பு. கழுவுவதால்தான் திரும்ப வருகிறது: தண்ணீர் உப்பைக் கரைத்து உள்ளே கொண்டுபோகிறது, சுவர் காயும்போது அது மறுபடி முகப்புக்கு வந்து பூக்கிறது. உலர்ந்த தூரிகையால் தேய்த்து, தூளைத் தாள் விரித்து ஏந்தி வெளியே கொட்டுங்கள். சில கிழமைக்கு ஒருதடவை அப்படிச் செய்ய, வர வரக் குறையும். குறையாவிட்டால் ஈரம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

உப்பு வந்த வழி மணலாக இருக்கலாம், தண்ணீராகவும் இருக்கலாம். கடற்கரையோரம் அள்ளிய மணல், பூநகரி போன்ற இடங்களின் சவர்த் தண்ணீர் இரண்டும் சுவரில் உப்பை விதைக்கும். திருத்த வேலைக்குக் குடிக்கக்கூடிய தண்ணீரையே பாவியுங்கள்.

2018 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்ற வீடு. அந்தக் கோட்டுக்குக் கீழே பெயின்ற் நிற்கவே இல்லை.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அந்த வெள்ளம் நின்ற பல வீடுகளின் கதை இது. வெள்ளம் வடிந்தாலும் அது கொண்டுவந்த சேறும் உப்பும் பூச்சுக்குள் தங்கிவிட்டன. அந்தப் பூச்சைக் காப்பாற்ற முயல்வதைவிடக் கொத்தி எடுப்பதுதான் மலிவு. கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை கல் தெரியக் கொத்தி, ஒரு கோடை முழுக்க வெறும் சுவராக விட்டு, பிறகு பூசுங்கள். விருந்தாளி வந்தால் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும்.

எந்தப் பூச்சை எடுப்பது, எதை விடுவது?

ஒரு ஐந்து ரூபாக் குற்றியால் அல்லது கரண்டிப் பிடியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டு போங்கள். "டொக்" என்றால் பிடித்திருக்கிறது. "டப்" என்று பொள்ளலாகக் கேட்டால் கல்லைவிட்டுக் கழன்றிருக்கிறது. பொள்ளல் இடங்களைக் கரிக்கட்டியால் வட்டமிட்டு, வட்டத்துக்கு இரண்டு விரல் வெளியே வரை வெட்டுங்கள். ஓரத்தை உட்சாய்வாக வெட்டினால் புதுச் சாந்து அதற்குள் பூட்டிக்கொள்ளும்.

தூசியைத் தட்டி, தண்ணீர் தெளித்து, ஈரம் மினுங்காத அளவுக்கு விட்டு, சீமெந்துப் பால் பூசி, அது காயுமுன் சாந்தை அடியுங்கள். ஒரு வாளி சீமெந்துக்கு ஐந்து வாளி அரித்த மணல். வெடிப்புக்குப் பயந்து சீமெந்தைக் கூட்டச் சொல்வார்கள். கூட்டினால்தான் வெடிக்கும். பழைய பூச்சு மெலிந்ததாக இருந்தால் ஒன்றுக்கு ஆறு போதும். அரை அங்குலத்துக்கு மேல் தடிப்பு வேண்டுமென்றால் இரண்டு தடவையாகப் பூசுங்கள், முதல் பூச்சின் முகத்தை கீறிவிட்டு.

மணலைச் சோதிக்க ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதி மணல், மீதி தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். சில மணிநேரத்தில் மணல் கீழேயும் வண்டல் மேலேயும் படியும். மேலே தடித்த சேற்றுப்படை தெரிந்தால் அந்த மணலைக் கழுவாமல் பாவிக்க வேண்டாம்.

பங்குனி வெயிலில் மத்தியானப் பூச்சு சுட்டுப்போகும். காலையில் பூசி, மறுநாளிலிருந்து ஒரு கிழமை காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். மேசன் கூலி வாங்கிப் போன பிறகு இந்த வேலை வீட்டுக்காரருடையது. பல பூச்சுகள் கெடுவது இங்கேதான்.

வெடிப்பை ஒவ்வொரு வருடமும் அடைக்கிறோம். கோடையில் திறக்கிறது, மாரியில் மூடுகிறது.

மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கமாக இருந்தால் பதில் உங்கள் காலடியில் இருக்கிறது. அந்தக் கறுப்புக் களிமண் நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கிக் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். வீடும் அதனோடு அசையும். அப்படி அசையும் வெடிப்பில் சீமெந்துச் சாந்து அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று வெடிக்கும். இழுபடும் தன்மையுள்ள அக்ரிலிக் பில்லர் போடுங்கள். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குச் சீமெந்துத் தரை போட்டு, மழைத்தண்ணீரைத் தூரக் கொண்டுபோய் விட்டால் மண்ணின் ஈரம் அவ்வளவாக ஏறி இறங்காது.

மற்ற இடங்களில் மயிரிழை வெடிப்பு என்றால் பூச்சு சுருங்கியது, கவலை வேண்டாம். கொங்கிறீற் தூணும் கல்லும் சேருமிடத்தில் நேர்கோடாக இருந்தால் கோழிக்கூட்டு வலையை அடித்து அதன்மேல் பூசலாம். யன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போல ஏறும் வெடிப்பில் பென்சிலால் இரு பக்கமும் கோடு போட்டு, அளவையும் திகதியையும் எழுதி வையுங்கள். ஒரே திசையில் அகன்றுகொண்டே போனால் புட்டி வாங்கும் காசை ஒரு பொறியியலாளரிடம் காட்டச் செலவழியுங்கள்.

போர்க்காலத்துச் சுவர். தாளுக்குப் பின்னால் சன்னம் பட்ட ஓட்டைகள்.

முதலில் ஓட்டைக்குள் லைற் அடித்துப் பாருங்கள். செல் (எறிகணை) துண்டு உள்ளே இருந்தால் அது துருப்பிடித்து ஊதி, எத்தனை முறை பூசினாலும் பழுப்பு நிறம் கசிந்து பூச்சைத் தள்ளிவிடும். சாதாரண இரும்புத் துண்டுதான் என்று தெளிவாகத் தெரிந்தால் எடுத்துவிடலாம். என்னவென்று தெரியாத, முழு வடிவமாக உள்ள எதையும் தொடவோ தட்டவோ கூடாது. அறையை விட்டு வெளியேறி, பொலிசுக்கோ கிராம சேவையாளருக்கோ சொல்லுங்கள். இடிந்த வீட்டுக் கற்குவியலைக் கிளறும்போதும் இதே விதி.

சின்ன ஓட்டையை ஆடும் துகள் போகத் தேய்த்து, நனைத்து, சாந்தை இரண்டு மூன்று தடவையாக உள்ளே திணித்து அடையுங்கள். ஒரே தடவையில் அடைத்தால் சுருங்கிக் கழன்று விழும். கல்லே நொறுங்கியிருந்தால் அந்தக் கல்லை எடுத்துப் புதுக் கல் வையுங்கள். தூணிலோ பீமிலோ பட்டு உள்ளே கம்பி தெரிந்தால் பூசி மூடாமல், தெரிந்தவரிடம் காட்டுங்கள். சிலர் ஒரு ஓட்டையை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். அப்படியானால் ஓரத்துக்குச் சீலர் பூசுங்கள், உதிராது.

மண்சுவரில் ஒட்டிய பழைய பேப்பரை எடுத்துவிட்டுச் சீமெந்து பூசலாமா?

பூசாதீர்கள். சீமெந்து மண்ணோடு ஒட்டாது, ஈரத்தையும் வெளியே விடாது. பின்னால் மண் கரைந்து ஒருநாள் பலகையாக விழும். பேப்பரைத் தெளிப்பானால் லேசாக நனைத்து எடுங்கள், ஊற்றினால் சுவரே வரும். புற்றுமண், மணல், நறுக்கிய வைக்கோல் சேர்த்துக் குழைத்து இரண்டு நாள் புளிக்கவிட்டுப் பூசி, காய்ந்தபின் சுண்ணாம்பு அடியுங்கள். இந்த வேலை எங்கள் அம்மம்மாக்களுக்கு எந்த மேசனையும்விட நன்றாகத் தெரியும்.

தாளின் பின்னால் மண்கோடு கோடாக இருக்கிறது.

கறையான். கடதாசியும் மாப்பசையும் அதற்குச் சாப்பாடு. கோட்டைத் தட்டிவிட்டால் போதாது, அது எந்த வெடிப்பால் ஏறுகிறது என்று தரைவரை தேடி, அங்கே மருந்து விட்டு அடையுங்கள். கதவு நிலையையும் குத்திப் பாருங்கள்.

அரத்தாள் போட்டு மட்டப்படுத்தும்போது கவனிக்க ஏதும் உண்டா?

பழைய எனமல் பெயின்றை உலரத் தேய்க்க வேண்டாம். இலங்கையில் பெயின்றில் ஈயத்தின் அளவுக்கு வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரியில்தான். அதற்கு முந்தியவற்றில் ஈயம் இருக்கலாம். நனைத்துத் தேய்த்து, பிள்ளைகளைத் தூர வையுங்கள். தடுப்புச் சுவர் அஸ்பெஸ்ரஸ் தகடாக இருந்தால் தேய்க்கவும் கூடாது, துளைக்கவும் கூடாது.

புதுப் பூச்சுக்கு எப்போது பெயின்ற்?

ஒரு மாதம் கழித்து. அதற்கு முன் சீமெந்தின் காரம் பெயின்றைத் தின்றுவிடும்.

எல்லாம் திருத்தியபின் மறுபடி வோல்பேப்பர் ஒட்டலாமா?

உள் தடுப்புச் சுவரில், ஒரு மாரி முழுக்க ஈரம் காட்டாத இடத்தில் ஒட்டுங்கள். வெளிச்சுவரின் உட்பக்கத்தில் வேண்டாம். விசேஷத்துக்கு அலங்காரம்தான் நோக்கமென்றால் ஒரு துணித்திரை தொங்கவிடுங்கள், மறுநாள் கழற்றலாம்.

கழற்றிய தாளை வளவுக்குள் எரித்துவிடலாமா?

பிளாஸ்ரிக் ஸ்ரிக்கரையும் நுரையையும் எரிக்காதீர்கள், அந்தப் புகை நெஞ்சை அரிக்கும். மடித்துச் சாக்கில் கட்டி, பிரதேச சபைக் குப்பை வண்டி வரும் நாளில் கொடுங்கள். வெறும் பத்திரிகைத் தாளை மட்டும் வாழைக்கு அடியில் போடலாம்.